சான் ஸ்டார்மில் ஒரு சூப்பர்சார்ஜர்: பைபாஸ் வால்வோடு நெல்லை வெயிலில் பட்ட பாடு

சான் ஸ்டார்ம் என்ற காரை மறந்துவிட்டவர்களே இன்று அதிகம். 1990-களின் கடைசியில் கோவாவில் செய்யத் தொடங்கிய இரண்டு பேர் கார் அது. கூரையைத் திறக்கலாம், உடம்பு ஃபைபர், உள்ளே ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் இன்ஜின், சுமார் 60 குதிரைத்திறன். நம் நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஆசையோடு ஒரு சின்ன கம்பெனி துணிந்து செய்த வண்டி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. திசையன்விளைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி, டோ வண்டியில் ஏற்றி எங்கள் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தார். வாங்கும்போதே அதில் சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜின் பெல்ட்டில் சுற்றிக் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் ப்ளோயர், இருந்தது. வேறு ஊரில் யாரோ மாட்டிக் கொடுத்தது.

"பறக்கும்னு சொன்னாவ தம்பி. கொதிக்கில்லா செய்யுது," என்றார் அண்ணாச்சி.

மாட்டியிருந்தது ஐசின் ஏஎம்ஆர்500. ஜப்பான் சின்னக் கார்களுக்கான அளவில் வரும் ரூட்ஸ் வகை ப்ளோயர், இரண்டு ரோட்டர்கள் சுற்றிக் காற்றைத் தள்ளும். ஒரு சுற்றுக்கு அரை லிட்டர் காற்றைத் தள்ளும். பெயரிலுள்ள 500 அதைத்தான் சொல்கிறது. 1.1 லிட்டர் இன்ஜினுக்குப் பொருத்தமான தேர்வு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேவையில்லாத காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு இந்த ப்ளோயரோடு கூடவே வராது. ஈட்டன் கம்பெனி ப்ளோயர் வைத்த பல கார்களில் பைபாஸ் பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். இதற்கு நாம்தான் அமைக்க வேண்டும். வண்டியின் தொல்லையெல்லாம் அந்த அமைப்பில்தான் இருந்தது.

வண்டியின் போக்கு இதுதான். ஆக்சிலேட்டரை லேசாக வைத்துக்கொண்டு ஓட்டினாலே பானெட்டுக்குள் அனல். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை மந்தம். மேலே போனால் இன்ஜின் தட்டும் சத்தம். காலை எடுத்தால் எங்கேயோ ஒரு ஹோஸ் பிடுங்கிக்கொண்டு 'டப்' என்று அடிக்கும். கழற்றிப் பார்க்கும் முன்பே ப்ளோயர் வெளிவாயில் ஒரு வெப்ப சென்சாரும், த்ராட்டிலுக்கு (ஆக்சிலேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவு) முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அழுத்த சென்சாரும் வைத்து லேப்டாப்பில் பதிந்தோம். சூப்பர்சார்ஜர் வேலையில் இறங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். டேஷ்போர்டில் ஒரே ஒரு பூஸ்ட் (ப்ளோயர் ஏற்றும் கூடுதல் அழுத்தம்) கேஜை வைத்துக்கொண்டு பைபாஸை டியூன் செய்ய முடியாது. அந்த கேஜ், த்ராட்டிலுக்குப் பின்னால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்டில் என்ன நடக்கிறது என்று மட்டும்தான் காட்டும். ப்ளோயருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் காற்று அடைபட்டு நிற்பதை அது காட்டாது.

பதிவில் தெரிந்தது: 3000 ஆர்பிஎம்மில், சமதளத்தில், நிதானமாகப் போகும்போதே ப்ளோயர் வெளிவாய் 90 டிகிரியைத் தொட்டது. வெளியே 37. மேனிஃபோல்டில் நல்ல வாக்யூம் இருக்கிறது, அதாவது இன்ஜின் பூஸ்டே கேட்கவில்லை. ஆனால் த்ராட்டிலுக்கு முன்னால் அழுத்தம் ஏறி நிற்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அடித்தால் குழாய் எப்படிச் சுடுமோ, அந்தக் கதைதான்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் மற்றது புரியும். 1149 சிசி நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜின், கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் பாதியை, அதாவது 575 சிசியை உள்ளிழுக்க வேண்டும். முழுதாக நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் 490 சிசி. வந்தபோது கிராங்க் புல்லி 130 மி.மீ., ப்ளோயர் புல்லி 70 மி.மீ. விகிதம் 1.86. ஆக கிராங்க் ஒரு சுற்றுக்கு ப்ளோயர் 930 சிசி தள்ளப் பார்க்கும். ரோட்டர்களின் இடுக்கில் கசிவது 20 சதவீதம் போக 740 சிசி. 490 கொள்ளும் இடத்தில் 740-ஐத் திணித்தால் ஒன்றரை மடங்கு. அமுக்கும்போது காற்று சூடாகி விரிவதால் அழுத்தம் அதற்கும் மேலே போகும். கணக்குக்கு 0.65 பார் பூஸ்ட் வரும். இந்த இன்ஜின் டர்போவுக்கென்று அமுக்க விகிதம் குறைத்துச் செய்ததல்ல. சாதாரண பெட்ரோலில், நம் ஊர் சூட்டில், அத்தனை பூஸ்டை அது தாங்காது.

மாட்டியவருக்கும் இது தெரிந்திருக்கிறது. 0.4 பார் போதும் என்று நினைத்து, மிச்சத்தைத் திருப்பிவிட ப்ளோயர் வெளிவாயிலிருந்து உள்வாய்க்கு அரை அங்குலக் குழாய் ஒன்று இழுத்து, நடுவில் ப்ளம்பிங் கடையில் விற்கும் பால் வால்வை வைத்து, பாதி திறந்தபடி கைப்பிடியைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். உச்ச ஆர்பிஎம்மில் கேஜ் 0.4 காட்டியது உண்மைதான். ஆனால் ஒரே அளவில் திறந்திருக்கும் ஓட்டை எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைத்தான் விடும். 6000 ஆர்பிஎம்மில் அது தாங்கக்கூடிய நஷ்டம். 2500-ல் ப்ளோயர் தள்ளுவதே குறைவு. அதில் பெரும்பங்கு இந்தக் குழாய் வழியாகத் திரும்பிப் போய்விடும். ரூட்ஸ் ப்ளோயரின் அழகே கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவைதான். அதை முதலில் பறித்துக்கொண்டு, மேலே சூட்டை மட்டும் மிச்சம் வைத்தது அந்த வால்வு. ஏற்கெனவே சூடான காற்று மறுபடி உள்வாய்க்குள் போய் இன்னொரு முறை சூடாகி வருவதால், முழு த்ராட்டிலில் வெளிவாய் 120 டிகிரியை ஒட்டிப் போனது.

அதனால் முதல் வேலை புல்லி. பூஸ்ட் எவ்வளவு வேண்டுமோ அதைப் புல்லியின் விட்டத்தில் தீர்மானித்துவிட வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. டர்போவில் வேஸ்ட்கேட் வைத்துப் பூஸ்டைக் கட்டுவது வேறு. அங்கே திறந்துவிடுவது வெளியே போகிற புகையை. இங்கே திறந்துவிடுவது, இன்ஜினின் பலத்தைச் செலவழித்து அமுக்கிய காற்றை. ஓரிரு பிஎஸ்ஐயை நேர்த்தி செய்ய அப்படி விடலாம். தப்பான புல்லியை மறைக்க விடக்கூடாது.

80 மி.மீ. புல்லி என்று முடிவானது. விகிதம் 1.63, கிராங்க் ஒரு சுற்றுக்கு 810 சிசி, கசிவு போக 650. 490-க்கு 650 என்றால் 1.33 மடங்கு. சூட்டையும் சேர்த்தால் 0.4 பாருக்கு மிக அருகில், ஆறு பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். தச்சநல்லூரில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கடைசல் வேலைக்குக் கொடுத்தோம். அவர் பழைய புல்லியை வாங்கி விரலால் காடிகளைத் தடவினார். "இதை யாரு கடைஞ்சா? காடி ஒண்ணுபோல இல்லியே." பிகே வகை ரிப் பெல்ட்டில் ஒரு காடிக்கும் அடுத்த காடிக்கும் இடைவெளி 3.56 மி.மீ. பழைய புல்லியில் அது கடைசிக் காடியில் கண்ணுக்கே தெரியும்படி விலகியிருந்தது. பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான். புதிய புல்லியைக் கடைந்து முடித்ததும் டயல் கேஜ் வைத்து, சுற்றும்போது ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினோம். ப்ளோயர் பேரிங்கின் ஆயுள் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

அடுத்தது பைபாஸ். இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓடும் நேரத்தில் பெரும்பகுதி ஆக்சிலேட்டர் பாதிக்குக் கீழேதான் இருக்கும். ரேஸ் டிராக்கிலேயே பிரேக் பிடிக்கும்போதும், வளைவுக்குள் நுழையும்போதும், பிட்டில் நிற்கும்போதும் பூஸ்ட் தேவையில்லை. அந்த நேரமெல்லாம் ப்ளோயர் சுமையில்லாமல் சும்மா சுற்ற வேண்டும். உள்வாயும் வெளிவாயும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் ரோட்டர்களுக்கு வேலையே இல்லை. சூடும் இல்லை, பெட்ரோல் நஷ்டமும் இல்லை. அப்படி இரண்டையும் இணைத்துவிடும் கதவுதான் பைபாஸ். வளைவை விட்டு வெளியே வந்து முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது எவ்வளவு சூடு மிச்சமிருக்கிறது என்பது, அதற்கு முந்தைய சில நொடிகளில் பைபாஸ் ஒழுங்காகத் திறந்திருந்ததா என்பதைப் பொறுத்தது.

இந்த வண்டியில் த்ராட்டில் பழைய இடத்திலேயே, மேனிஃபோல்டின் வாயில், ப்ளோயருக்குப் பின்னால் இருக்கிறது. ஐட்லிங் வால்வு, பிரேக் பூஸ்டர் லைன் எதையும் கலைக்க வேண்டாம், ஆக்சிலேட்டர் மிதித்தவுடன் கேட்கும் என்பதால் நானும் அதை மாற்றவில்லை. ஆனால் இந்த அமைப்பில் த்ராட்டில் மூடினால் ப்ளோயர் தள்ளும் காற்று முழுவதும் பைபாஸ் வழியாகத்தான் போயாக வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் ப்ளோயர் நிமிடத்துக்கு 2400 லிட்டர் சுற்றித் தள்ளும்; லேசான ஆக்சிலேட்டரில் இன்ஜின் குடிப்பது 600 லிட்டர்தான். மிச்சம் 1800 லிட்டர் திரும்ப வேண்டும். 6000-ல் காலை எடுத்தால் 4900 லிட்டர் திரும்ப வேண்டும். அந்தப் பால் வால்வு போக, பைபாஸாக மாட்டியிருந்தது டர்போ கார்களில் வரும் ப்ளாஸ்டிக் டைவர்ட்டர் வால்வு, துளை 25 மி.மீ. அதன் வழியே 4900 லிட்டர் போக வேண்டுமானால் காற்று நொடிக்கு 165 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். துளையை 38 மி.மீ. ஆக்கினால் அதே காற்று 72 மீட்டரில் போகும். அழுத்த நஷ்டம் வேகத்தின் வர்க்கத்தில் குறைவதால், ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

டர்போவுக்குச் செய்த வால்வு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் வேலை கியர் மாற்றும்போது ஒரு கணம் திறந்து மூடுவது. காலை எடுத்தால் டர்போ சீக்கிரமே தணிந்துவிடும். பெல்ட்டில் சுற்றும் ப்ளோயர் தணியாது, இன்ஜின் சுற்றும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, அந்த வால்வின் மூடி நேராகக் காற்றழுத்தத்தை எதிர்த்து உட்கார்கிறது. அது தானாகத் திறந்துவிடாமலிருக்க ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் கெட்டியானால் லேசான வாக்யூமுக்குத் திறக்காது. நம் வண்டி நிதானமாகப் போகும்போது கொதித்தது அதனால்தான். பட்டர்ஃப்ளை வகையில் இந்தச் சிக்கல் இல்லை. தட்டு நடுத்தண்டில் நிற்பதால் அழுத்தம் இரண்டு பாதியிலும் சமமாக விழுகிறது. மெல்லிய ஸ்பிரிங்கே போதும்.

பழைய இரும்புக் கடையில் ஒரு சின்னக் காரின் த்ராட்டில் பாடி கிடைத்தது. துளையை அளந்தால் 38 மி.மீ. அதைப் பைபாஸாக்கி, இரண்டு பக்கமும் அலுமினியக் குழாய் வெல்டிங் வைத்துக்கொண்டோம். திறந்து மூட ஆக்சுவேட்டர், அதாவது வாக்யூமில் கம்பியை இழுக்கும் டப்பா, வேண்டும். ஒர்க்ஷாப் பையன் ஒரு டீசல் காரின் டர்போவிலிருந்து வாக்யூம் ஆக்சுவேட்டர் ஒன்றை எடுத்து வந்தான்.

"அண்ணே, இதும் வாக்யூம்ல இழுக்கதுதான, போட்டுப் பாப்பமா?"

கை வாக்யூம் பம்ப்பை மாட்டி அவனையே அமுக்கச் சொன்னேன். கேஜ் ஆறு அங்குலம் (வாக்யூமைப் பாதரச அங்குலத்தில் அளப்பது வழக்கம்) தாண்டிய பிறகே கம்பி அசைந்தது. முழுதாக உள்ளே வர பதினேழைத் தாண்ட வேண்டியிருந்தது. நம் இன்ஜின் நிதானமாகப் போகும்போது மேனிஃபோல்டில் இருப்பதே பன்னிரண்டு, பதின்மூன்று அங்குலம். அதைப் போட்டால் பைபாஸ் பாதியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். டீசலில் அதற்கு வாக்யூம் பம்ப் தனியாக இருக்கிறது, அதனால் அங்கே அந்த ஸ்பிரிங் சரி. கடைசியில் ஈட்டன் ப்ளோயர்களுக்கென்று விற்கும் ஆக்சுவேட்டரை வரவழைத்தோம். கம்பியின் நீளத்தைத் திருகி, மூன்று அங்குலத்தில் தட்டு அசையத் தொடங்கி, ஏழரையில் முழுதும் திறக்கும்படி வைத்தோம். கை பம்ப் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். விலை பெரிதில்லை, பிரேக் பூஸ்டர் சோதிக்கவும் உதவும்.

பூட்டி ஓட்டியதும் சூடு பாதியானது. நிதானமாகப் போகும்போது வெளிவாய் 50-ஐத் தாண்டவில்லை. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்தது. ஆக்சிலேட்டரை மெதுவாகக் கொடுத்துப் பூஸ்ட் ஏறும் இடத்தில் வண்டி முன்னும் பின்னும் ஜெர்க் அடித்தது. சூப்பர்சார்ஜர் வைத்த மினி கூப்பர் எஸ்-ஐ ஓட்டியவர்கள் இதை யோ-யோ என்பார்கள். காரணம் இப்படி: வாக்யூம் குறைகிறது, பைபாஸ் கொஞ்சம் மூடுகிறது. மூடியதால் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது. ஏறியதால் வாக்யூம் இன்னும் குறைகிறது, பைபாஸ் சடாரென்று முழுதும் மூடுகிறது. வண்டி பாய, ஓட்டுபவர் கால் தானாகத் தளர, வாக்யூம் திரும்ப, பைபாஸ் மறுபடி திறக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடும் இந்தச் சுழற்சியை உடைக்க, ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸுக்குள் ஒரு சின்ன ஓட்டையை வைத்து மூடும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அதற்கு நாங்கள் வைத்தது பைக் கார்புரேட்டரின் பைலட் ஜெட். அதன் உடம்பு மெல்லிய வாக்யூம் ஹோஸுக்குள் இறுக்கமாக உட்காரும். துளை அளவு ஜெட்டிலேயே எண்ணாகப் பொறித்திருக்கும் என்பதால் ஒன்றைக் கழற்றி அடுத்ததைப் போட்டு ஒப்பிடுவது சுலபம். மிகச் சிறியதைப் போட்டால் ஜெர்க் போய்விட்டது, ஆனால் பூஸ்ட் வர ஒரு மூச்சு தாமதமானது. அதைவிட ஒரு படி பெரியதில் இரண்டும் சரியாயின.

இதோடு நிறுத்தினால் வேறு ஆபத்து வரும். ஜெட் மூடுவதை மட்டுமில்லாமல் திறப்பதையும் மெதுவாக்கும். 6000 ஆர்பிஎம்மில் காலை எடுக்கும்போது பைபாஸ் தாமதமாகத் திறந்தால், ஹோஸ் பிடுங்கிக்கொள்வது மறுபடி தொடங்கிவிடும். அதனால் ஜெட்டுக்குப் பக்கவாட்டில், கண்ணாடி கழுவும் தண்ணீர் லைனில் வருமே, அந்த ஒருவழி வால்வை இணைத்தோம். ஆக்சுவேட்டரிலிருந்து மேனிஃபோல்ட் பக்கம் காற்று தடையில்லாமல் போகும், திரும்பும்போது ஜெட் வழியாகத்தான் வர வேண்டும். திறப்பது சட்டென்று, மூடுவது நிதானமாக. திசை மாற்றிப் பூட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். வாயால் ஊதிப் பார்த்துவிட்டே பூட்டுங்கள். அது ப்ளாஸ்டிக், இன்ஜின் சூட்டில் விரிசல் விடும். எங்கள் வண்டியில் அதை ஃபயர்வால் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம், சர்வீஸில் புதிதாக மாற்றிவிடுகிறோம்.

ஏதாவது கெட்டுப்போனால் வால்வு எந்தப் பக்கம் போய் நிற்கும் என்பதையும் யோசித்தே ஆக வேண்டும். வாக்யூம் ஹோஸ் கழன்றால் இந்தப் பைபாஸ் மூடியபடியே நிற்கும். அப்போது த்ராட்டிலை மூடினால் அடைபட்ட காற்றுக்குப் போக்கிடம் இல்லை. அதற்காகப் பழைய டைவர்ட்டர் வால்வையே, மேல் ஹோஸைக் கழற்றி, 0.6 பாரில் தானாகத் திறக்கும்படி ஸ்பிரிங் மாற்றி, வெறும் ரிலீஃப் வால்வாக வைத்துவிட்டோம். அந்த வேலைக்கு அது அருமையான வால்வு.

மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் ஹோஸையும் ஆக்சுவேட்டர் ஹோஸையும் ஒரே டீயில் பிரிக்காதீர்கள். மேனிஃபோல்டிலிருந்து தனித்தனியாக எடுங்கள். ஆக்சுவேட்டரின் டயாஃப்ரம் அசையும்போதெல்லாம் சென்சார் தப்பாகப் படிக்கும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். பூஸ்ட் இல்லாத காருக்கு வந்த ஒரு பார் சென்சாரை அப்படியே விட்டுவைப்பதும் கூடாது. பூஸ்ட் ஏறியதும் அது உச்சியில் முட்டி நின்றுவிடும், பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகும். இந்த வண்டி மேப் சென்சாரில் ஓடுவதால் பைபாஸ் காற்று எங்கே திரும்பினாலும் கணக்குத் தவறாது. காற்றளவு சென்சார் வைத்த கார்களில் அப்படியில்லை. அங்கே பைபாஸ் காற்றை சென்சாருக்குப் பின்னால்தான் சேர்க்க வேண்டும். வெளியே விட்டால் அளந்த காற்று காணாமல் போய் புகை கறுக்கும்.

பிரேக் பூஸ்டர் ஹோஸிலுள்ள ஒருவழி வால்வையும், கிராங்க்கேஸ் காற்று போகும் பிசிவி வால்வையும் பூஸ்ட் வைத்த பிறகு கட்டாயம் சோதிக்க வேண்டும். முதலாவது கசிந்தால் பிரேக் கல்லாகும். இரண்டாவது கசிந்தால் பூஸ்ட் ஆயில் சம்ப்புக்குள் இறங்கி சீல்களைப் பிதுக்கும்.

தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தேரிக்காட்டுப் பக்கத்து வண்டி. திசையன்விளையைச் சுற்றியுள்ள செம்மணல் மாவு போல நைசானது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கத் தொடங்கினால் அது ஆளுயரத்துக்குப் பறக்கும். ரூட்ஸ் ப்ளோயரில் ரோட்டருக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி மிகமிகச் சின்னது. மணல் கீறினால் கசிவு கூடும். கசிவு கூடினால் கீழ் ஆர்பிஎம் பூஸ்ட் திரும்ப வராது. த்ராட்டில் ப்ளோயருக்கு முன்னால் இருக்கும் வண்டிகளில், சத்தத்துக்காகப் பைபாஸை வெளியே திறந்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அங்கே வாக்யூமில் வால்வு திறக்கும்போது ஃபில்ட்டரைத் தொடாத காற்றை அது உள்ளே உறிஞ்சும். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரைப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். பைபாஸ் வாய் ஃபில்ட்டருக்கும் ப்ளோயருக்கும் நடுவில்தான் சேர வேண்டும். அண்ணாச்சி வண்டியின் ஃபில்ட்டர் பம்பருக்கு அடியில் இருந்தது. அதைத் தூக்கி ஃபெண்டருக்குள் உயரத்தில் வைத்தோம்.

பூஸ்ட் குறைந்தால் எங்கே தேடுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பதிவைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எல்லா ஆர்பிஎம்மிலும் குறைவு, கீழே இன்னும் மோசம் என்றால் பைபாஸ் முழுதாக மூடவில்லை, அல்லது ஹோஸ் எங்கோ கசிகிறது. பைபாஸ் ஹோஸை அடைத்துக்கொண்டு மிதமான ஆர்பிஎம்மில் ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்தால் எது என்று பிரியும். 4500 வரை நன்றாக ஏறி, அதன் பிறகு பூஸ்ட் விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது. புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கும், காடிகள் கண்ணாடி போல மின்னும். டென்ஷனை ஏற்றிக்கொண்டே போவது தீர்வாகாது, ப்ளோயர் பேரிங்தான் போகும். பெல்ட் புல்லியைச் சுற்றிப் பிடிக்கும் தூரத்தைக் கூட்ட ஒரு ஐட்லர் வையுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பங்குகளில் வருகிறது. வெறும் பெட்ரோலுக்கு 14.7-க்கு ஒன்று என்றிருந்த காற்று-எரிபொருள் விகிதம் இதற்குச் சுமார் 13.5. ஈசியூவிலுள்ள பழைய மேப்பை (பெட்ரோல், இக்னிஷன் அளவு அட்டவணை) அப்படியே வைத்தால் பூஸ்டில் பெட்ரோல் பற்றாது. புகையிலுள்ள ஆக்சிஜனை வைத்துக் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் கேஜில் விகித எண்ணைப் பார்க்காமல் லாம்டாவை (1 என்றால் சரியான விகிதம், குறைந்தால் பெட்ரோல் கூடுதல்) பார்த்து டியூன் செய்தால் எந்தக் கலவை ஊற்றினாலும் குழப்பம் இல்லை. முழு பூஸ்டில் 0.82-ஐ ஒட்டி வைத்திருக்கிறோம். இக்னிஷனை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்று பின்னுக்கு இழுத்துத் தொடங்கி, நாக் சத்தத்தை இயர்ஃபோனில் கேட்டுக்கொண்டே மெல்ல முன்னே கொண்டுவந்தோம். அதற்கு மேல், இன்டேக் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால் ஈசியூ ஒரு மூன்றுவழி சோலினாய்டைத் திறந்து, சின்ன வாக்யூம் டப்பாவிலிருந்து ஆக்சுவேட்டரை இழுத்துப் பைபாஸைத் திறந்துவிடும். ஓட்டுபவருக்கு பூஸ்ட் இல்லாமல் போகும், இன்ஜின் பிழைக்கும். எலெக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலை இந்தக் காவல் வேலைக்குத்தான் நான் பயன்படுத்துகிறேன்.

டியூனிங் முழுவதையும் கத்திரி வெயிலில்தான் முடித்தோம், வேண்டுமென்றே. பாளையங்கோட்டையில் நிழலிலேயே 38, 39 போகும் நாளில் தட்டாமல் ஓடும் மேப், மார்கழியில் கொஞ்சம் பெட்ரோல் திருத்தத்தோடு ஓடிவிடும். குற்றாலத்தில் சாரல் விழும் குளிர்ந்த காற்றில் டியூன் செய்துவிட்டு, அடுத்த சித்திரையில் அதே மேப்போடு கிளம்பினால் பிஸ்டனுக்கு உத்தரவாதம் இல்லை. புதிய புல்லியும் பைபாஸும் வைத்த பிறகு, 38 டிகிரி நாளில் முழு த்ராட்டிலில் வெளிவாய் 100-ஐ ஒட்டியும், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தாண்டி 60 சொச்சத்திலும் நின்றது. 2500-லேயே இழுவை தெரிகிறது. பூஸ்ட் அதே 0.4 பார்தான்.

இந்த வண்டி பொதுச் சாலையில் ஓடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். சோதனையெல்லாம் அண்ணாச்சியின் தோப்புக்குப் பின்னால், மூடிக் கிடக்கும் செங்கல் சூளைக்குப் போகும் சொந்தப் பாதையில் செய்தோம். முழு வேகத்துக்கு டோ வண்டியில் ஏற்றி, கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோகிறோம்.

அங்கே போன முறை பதிவில் ஒன்று கவனித்தேன். நேர்பாதை முடிவில் காலை எடுக்கும்போது த்ராட்டிலுக்கு முன்னால் அழுத்தம் இன்னும் ஒரு நொடிப்பொழுது 0.5-ஐத் தொட்டு இறங்குகிறது. ரிலீஃப் வால்வு திறக்கும் அளவில்லை, ஆனால் முன்பு 0.42-க்கு மேல் போகாது. கழற்றிப் பார்த்தால் பட்டர்ஃப்ளைத் தண்டின் புஷ் தேய்ந்து, தட்டு திறக்கும்போது ஓரத்தில் உரசுகிறது. கால் அசைவுக்கு மட்டும் நகரும் த்ராட்டிலுக்குச் செய்த புஷ், இப்படி ஓயாமல் துடிக்கும் வேலைக்கு ஈடுகொடுக்கவில்லை. வெண்கல புஷ் கடைந்து போட லேத் அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன். தண்டின் இரு முனையிலும் ஓ-ரிங் வைக்கக் காடியும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன், கசிவும் நிற்கும், செம்மண்ணும் உள்ளே போகாது.